போடச் சொன்ன குரல்

லிஃப்ட் ஓடவில்லை. கட்டடத்தின் வெளிப்பக்கம் கம்பிக்கூண்டாக ஏறி இறங்குகிற ஆள் லிஃப்ட்; மோட்டார் சூடாகிறது என்று காலையிலிருந்தே நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்றால், நேத்தே க்ரூப்ல போட்டேனுங்களே மேடம் என்கிறான் ஆபரேட்டர். போட்டிருப்பான். எல்லாவற்றையும் க்ரூப்பில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிற கூட்டம். சுகந்தி ஹெல்மெட் பட்டையைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தாள். மணி ஒன்பதரை. பதினோரு மாடி, மாடிக்கு இருபது படி, இருநூற்று இருபது. பதினோரு மணிக்கு பாங்க் இன்ஜினீயர் வருகிறார். அதற்குள் மேலே போய், தரம் பார்க்கிற அந்தோணிசாமியைப் பார்த்து, ரெஜிஸ்டரில் அந்த ஒரு பக்கத்தைக் கிழிக்கச் சொல்லி, வேறு எழுத வைத்து, கீழே கொண்டுவர வேண்டும். எம்.டி. அப்படித்தான் சொன்னார். ஒன்பது மணிக்குப் போன் பண்ணி, பல் தேய்த்துவிட்டு வந்த குரலில், எந்தப் பதற்றமும் இல்லாமல் சொன்னார். "சுகந்தி, நீங்க டீம் லீடர். டீம் லீடர்னா என்ன? டீம் எழுதறதை நீங்க படிக்கிறதில்ல. நீங்க சொல்றதை டீம் எழுதணும்." சரிங்க சார். "மேல ரெண்டு இன்ச் பூசி டைல்ஸ் ஒட்டிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" சரிங்க சார். "அவர் பக்கத்தை மாத்தலைன்னா அவரையே மாத்திடுங்க. உங்ககிட்ட அன்னைக்கே சொல்லாம விட்டவர்தானே?" சரிங்க சார். மூன்று. ஒரு போனில் மூன்று சரிங்க சார். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை இருக்கும்? கல் அடுக்குவதுபோல அடுக்கினால் இந்தக் கட்டடத்தைவிட உயரமாகப் போயிருக்கும். அதன் உச்சியில் அவளை நிற்கவைத்து ப்ராஜெக்ட் ஹெட் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் மாடி. சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒன்று என்று எழுதியிருந்தது, வழிந்துபோய். இதைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாது. ஷூ கடித்தது. ஆண்களுக்கான ஷூ, ஏழாம் நம்பர். பெண்கள் அளவில் பாதுகாப்பு ஷூ வாங்கித்தாருங்கள் என்று எழுதிக் கேட்டாகிவிட்டது. ஒரு ஆளுக்காகத் தனியா ஆர்டர் போட முடியாதுங்க மேடம் என்று பர்ச்சேஸில் சொல்லிவிட்டார்கள். முன்னால் பழைய துப்பட்டாவைக் கிழித்துத் திணித்துக்கொண்டுதான் இவ்வளவு வருஷமும் நடக்கிறாள். நூற்று நாற்பது வீட்டுக்கு இவள் பொறுப்பு. காலுக்கு ஒரு ஷூ இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அந்தோணிசாமி மட்டும் சிரிக்கவில்லை. சேர்ந்த புதிதில், அவள் படியில் இடறியதைப் பார்த்து, "உங்க கால் ஷூக்குள்ள நீந்துது மேடம், விழுந்துடுவீங்க" என்றார், அவ்வளவுதான். நல்ல மனுஷன். யார் இல்லையென்றார்கள்? அவரை வேலைக்கு எடுத்தது இவள்தான். ஐம்பத்து நாலு வயசு, திண்டுக்கல் பக்கம், மூன்று கம்பெனி மாறியவர், எங்கேயும் ஒட்டாதவர். இன்டர்வியூவில் ஏன் மாறினீங்க என்று கேட்டதற்கு, "கையெழுத்துப் போடச் சொன்னாங்க மேடம், போடலை" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் எடுத்தாள். தரம் பார்க்க இந்த மாதிரி ஆள்தான் வேண்டும் என்று எம்.டி.யிடம் வாதாடி எடுத்தாள். இப்போது அந்தப் பதிலே இவள் கழுத்துக்கு வந்து நிற்கிறது. எழுதிவிட்டார். போனில் சொல்லியிருக்கலாம், நேரில் வந்து காதோடு சொல்லியிருக்கலாம். நீல மையில், நம்பர் போட்ட ரெஜிஸ்டரில் எழுதி, அதைப் படம் வேறு எடுத்து அனுப்பினார். பதினோராம் மாடி, நான்கு பால்கனி. சேர் குறைவு. கம்பி அமுங்கியது. நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டதாம். என்னவோ கல்யாணத்துக்கு வந்த ஜாதகம்போல.

மூன்றாம் மாடி. மூச்சு வாங்கியது. நாற்பத்தாறு வயசு ஒன்றும் பெரிய வயசில்லை, தூக்கம்தான் இல்லை. நீ தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய் என்றார் வீட்டுக்காரர், காலையில் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே. பின்னே, பகலில் கடிக்க முடியுமா? பகலில்தான் மீட்டிங். ஒரு கூலிக்காரப் பெண் தலையில் மணல் சட்டியோடு எதிரே இறங்கினாள், சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். ஏன் ஹெல்மெட் போடலை என்று சுகந்தி கத்தினாள். சட்டிக்குக் கீழே எப்படிங்க போடறது என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். சுகந்தி அவளைத் தாண்டி ஏறினாள். அந்தக் கேள்வியே எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு எல்லாரும் பதில் இல்லாத கேள்வியாகவே கேட்கிறார்கள். கம்பி. கம்பியை நினை. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற பால்கனிக்குக் கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும். முதல் வருஷப் பாடம். அறைக்குள் இருக்கிற தளத்துக்குக் கீழ்ப்பக்கம், பால்கனிக்கு மேல்பக்கம். நீட்டிய கையின்மேல் ஒரு குடத்தை வைத்தால் தோளுக்கு மேல்பக்கம்தானே இழுக்கும்? கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி கீழே போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் அடியில் வளைத்த கம்பிக் கால்களை முட்டுக்கொடுப்பது. சைட்டில் அதற்கு சேர் என்று பெயர். அன்றைக்கு சேர் பத்தவில்லை. இருபது வைக்கவேண்டிய இடத்தில் ஏழோ எட்டோ. மிதித்தார்கள். அமுங்கியது. மேலே கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் தட்டி மூடியாகிவிட்டது. கண்ணாடிமாதிரி இருந்தது, பார்க்க அவ்வளவு அழகு. மூன்று வாரம் கழித்து அடியில் நின்ற முட்டுகளில் ஒன்றைத் தளர்த்திப் பார்த்தபோது, சுவரை ஒட்டி மேலே தலைமுடிபோல ஒரு விரிசல். அந்தோணிசாமி உடனே அந்த முட்டுக்கம்பத்தை இறுக்கச் சொல்லிவிட்டு, ஒரு சாண் இடத்தை உளியால் கொத்திப் பார்த்தார். மேலிருந்து ஒரு அங்குலத்தில் இருக்கவேண்டிய கம்பி நாலு அங்குலத்துக்குக் கீழே கிடந்தது. இது முந்தாநாளுக்கு முந்தின நாள்.

யாரிடம் போய்க் கோபப்படுவது? கம்பி கட்டுகிற ராசுக்குட்டி மேஸ்திரியிடமா? கோபிச்செட்டிபாளையத்துக்காரர், இருபது வருஷமாகக் கம்பி கட்டுகிறார், அவருக்குத் தெரியாதா கம்பி எங்கே இருக்கணும் என்று? ஏனுங்க மேஸ்திரி, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கவேண்டும். ஐந்து. ஐந்தில் டைல்ஸ் அறுக்கிற மெஷின் காதைக் கிழித்தது, வெள்ளைத் தூசி படியெல்லாம் மாவுபோல இறங்கியிருந்தது, மூடு கதவை என்று சுகந்தி கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. கதவே இன்னும் மாட்டவில்லை. எம்.டி.யிடம் கோபப்படலாமா? மேல பூசி டைல்ஸ் ஒட்டிட்டா யாருக்குத் தெரியும் என்கிறவருக்குச் சொந்த வீடு ஒரே தளம், சுற்றிலும் தென்னை. அவர் வீட்டில் பால்கனியே கிடையாது. ஆனால் பதினோராம் மாடியில் ஆயிரத்து நூற்று மூன்றாம் நம்பர் வீட்டில் இருக்கும். அதை வாங்கியவர்கள் ரிட்டயர்டு ரயில்வே கார்டும் அவர் சம்சாரமும். கார்டு ஒன்றும் பேசமாட்டார், எதற்கெடுத்தாலும் கையை ஆட்டுவார், பச்சைக்கொடி காட்டுகிற மாதிரி. அந்த அம்மாதான் கேட்டார்: "ரோஜாத் தொட்டி ஒரு இருபது வெப்பேன், மண்ணும் தண்ணியும் சேந்தா கனக்குமேம்மா, தாங்குமா?" வரைபடத்தைக் காட்டிக்கொண்டே சுகந்தி சிரித்தாள். "யானையே கட்டலாம்மா." யானை. இவள் வாயால் சொன்னது. இருபது தொட்டி, காலையில் தண்ணீர் ஊற்ற அந்த அம்மா, காபியோடு கார்டு, லீவில் வந்த பேரப்பிள்ளைகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்க்க. வேண்டாம். நினைக்காதே. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர் சூடாக இருந்தது, பங்குனி வெயில் ஒன்பதரைக்கே இப்படி.

கோபம் இருக்கிறதே, அது ஒரு ஆளைப் பிடித்து உட்காரவேண்டும், இல்லாவிட்டால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சரி, அந்தோணிசாமி. அந்தோணிசாமியின்மேல் உட்காரட்டும். அவர் அன்றைக்கு அங்கேதானே நின்றார்? சேர் பத்தவில்லை என்று கண்ணால் பார்த்தார்தானே? அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். லாரியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முந்தாநாள் எம்.டி. கேட்டபோது இவள் அதைத்தான் சொன்னாள்: "அன்னைக்கு என்கிட்ட யாரும் சொல்லலைங்க சார்." நிமிர்ந்து உட்கார்ந்து, பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே சொன்னாள். யாரும் சொல்லவில்லை. ஏழு. ஏழில் யாரோ தக்காளி சாதத்தைத் திறந்து வைத்திருந்தார்கள், பெயின்ட் நாற்றத்தோடு கலந்து குமட்டியது. யாரும் சொல்லவில்லை. போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, அந்தப் பால்கனிகளுக்குக் கான்கிரீட் போட்ட அன்றைக்கு, அவிநாசி ரோடு ஆபீஸில் மீட்டிங். ஏ.சி. குளிர், முறுக்கு, பாதாம் பால். இந்த வருஷம் சொன்ன தேதிக்குள் தளம் போட்டது சி ப்ளாக் ஒன்றுதான் என்று எம்.டி. எல்லார் முன்னாலும் சொன்னார். சுகந்தி டீம்தான்யா டீம் என்றார். கை தட்டினார்கள். இருபத்துமூன்று பேர் இருக்கிற க்ரூப்பில் காலை ஏழரைக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டுத்தான் மீட்டிங்குக்குப் போனாள். "இன்னைக்கு கான்கிரீட் போட்டே ஆகணும். காரணம் சொல்றவங்க நாளைக்கு வர வேண்டாம்." அந்த மாதிரி அதட்டவில்லையென்றால் இவர்களிடம் வேலை வாங்க முடியுமா? முடியாது. பொம்பளை ஹெட் என்றால் முதல் மாதமே தோளில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், முதல் சைட்டில், பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்ட குரல் அது. அது இல்லையென்றால் இவள் இல்லை. கை தட்டினார்கள். பாதாம் பால் டம்ளரை எடுத்தாள். மடியில் போன் அதிர்ந்தது.

போன் அதிர்ந்தது.

எட்டாவது மாடிக்குப் போகிற படியின் நடுவில் சுகந்தி நின்றுவிட்டாள். இல்லை. அது வேறு ஒரு நாள். இல்லை, அந்த நாள்தான். மேஜைக்குக் கீழே பிடித்துக் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு எடுத்தாள். போனில் அந்தோணிசாமி, அவருக்குப் பின்னால் மிக்ஸர் லாரி சுற்றுகிற சத்தம். "மேடம், சேர் பத்தல. ரெண்டு மணி நேரம் குடுங்க, வளைச்சு வச்சிடுறோம். இப்படியே போட்டா..." எதிரே எம்.டி. இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "அந்தோணி சார், வண்டி நிக்குதா?" "நிக்குது மேடம், ஆனா..." "அப்ப போடுங்க. மீட்டிங்ல இருக்கேன்." வைத்துவிட்டாள். பதினைந்து வினாடி இருக்குமா? பாதாம் பாலில் ஆடை மிதந்தது, ஊதிவிட்டுக் குடித்தாள். அப்படிக் குடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. ஆடையின் வழுவழுப்பு உதட்டில் ஒட்டியதுகூட. போன் மட்டும் ஞாபகம் இல்லையா? இருந்தது. முந்தாநாள் பேனாவைத் தட்டிக்கொண்டு யாரும் சொல்லலைங்க சார் என்றபோதும் இருந்தது. பல்லில் மாட்டிக்கொண்ட நார்மாதிரி நாக்கு போய்ப் போய்த் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அதைத் தொடாமல் இருக்கத்தான் இரண்டு நாளாகக் காணுகிற ஆளையெல்லாம் திட்டிக்கொண்டு திரிகிறாள். லிஃப்ட் ஆபரேட்டரை, மணல் சட்டிக்காரியை, மாட்டாத கதவை. சீ.

சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். மேலே போகவா, கீழே இறங்கவா? கீழே இறங்கினால் கார் நிற்கிறது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எம்.டி. வேறு யாரையாவது அனுப்பிப் பக்கத்தைக் கிழிக்க வைப்பார், அந்தோணிசாமியை மாற்றுவார், நாலாவது கம்பெனி, ஐம்பத்து நாலு வயசு. இவளுக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு, இவளுக்கு ஒன்றுமே ஆகாது. கோபம் இப்போது உட்கார இடம் கண்டுபிடித்துவிட்டது; சொந்த மார்பின்மேல் ஏறி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தது. அப்போதும் முழுக்க உட்காரவில்லை, ஒரு காலைத் தொங்கவிட்டு ஆட்டியது: அந்தக் கிழவர் ஏன் போன் பண்ணியதை எழுதவில்லை? எல்லாம் எழுதினார். சேர் எத்தனை, கம்பி எவ்வளவு இறங்கியது, எந்த லாரி, எந்த நேரம். இவள் பெயர் மட்டும் இல்லை. எனக்குப் பிச்சை போடுகிறாரா? பெருந்தன்மையா? யார் கேட்டார்கள்? எழுதியிருந்தால் இவளும் சண்டை போட்டிருப்பாள், இல்லை என்று சாதித்திருப்பாள், ஆளுக்கு ஆள் கத்தி ஒரு வழியாக முடிந்திருக்கும். எழுதாமல் விட்டுவிட்டு, பாவி மனுஷன், இவளைத் தனியாக நிறுத்திவிட்டார். ஒன்பது. பத்து. ஷூவுக்குள் கால் நீந்தியது. ஏறுகிற ஒவ்வொரு படியையும் மிதித்து மிதித்து ஏறினாள், கம்பி இருந்தால் அமுங்கியிருக்கும்.

பதினோராம் மாடியில் காற்று அடித்தது. ஆயிரத்து நூற்று மூன்றின் ஹாலில், கவிழ்த்துப்போட்ட சாந்துச் சட்டிமேல் உட்கார்ந்திருந்தார் அந்தோணிசாமி. மடியில் ரெஜிஸ்டர். பக்கத்தில் ராசுக்குட்டி மேஸ்திரி சுவரில் சாய்ந்து நின்றார், நாலைந்து ஆட்களும் இருந்தார்கள். பால்கனி வாசலில் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. இவளைப் பார்த்ததும் அந்தோணிசாமி எழுந்தார். சுகந்திக்கு மூச்சு வாங்கிப் பேச்சு வரவில்லை, ஆனாலும் கத்தினாள்.

"ஏன் எழுதலை நீங்க?"

"எதை மேடம்?"

"எனக்கு போன் பண்ணினதை. அன்னைக்கு. சேர் பத்தலைன்னு."

ராசுக்குட்டி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அந்தோணிசாமி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"உங்களுக்குத்தான் தெரியுமே மேடம். நீங்கதானே எடுத்தீங்க."

"ரெஜிஸ்டர்ல ஏன் எழுதலைன்னு கேக்கறேன்."

"இதுல கான்கிரீட்டைப் பத்தித்தான் எழுதுவேன். ஆளுங்களைப் பத்தி எழுதுறதில்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எம்.டி. உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பியிருப்பார்னு தெரியும். நான் மாத்தி எழுத மாட்டேன். உங்களுக்கு எழுதணும்னா, இந்தாங்க பேனா. நீங்களே எழுதிக்குங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுகந்தி பேனாவைப் பிடுங்கினாள், பிடுங்கினாள் என்றுதான் சொல்லவேண்டும், ரெஜிஸ்டரைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, நிராகரிக்கப்பட்டது என்ற வரிக்குக் கீழே எழுதினாள். எழுத்துக்கள் கோணின. இருபத்தெட்டாம் தேதி காலை பத்தேகாலுக்கு, சேர் போதவில்லை, இரண்டு மணி நேரம் வேண்டும் என்று அந்தோணிசாமி எனக்குப் போனில் சொன்னார். போடச் சொன்னது நான். நான்கு பால்கனிகளையும் உடைத்து மறுபடி போடவேண்டும். சுகந்தி. தேதி. நேரம். புள்ளியைக் குத்தியதில் தாள் கிழிந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றியது, கேட்க வரவில்லை. எழுதியதை அவர் படித்தார். தலையை ஆட்டினார், ஒரு அளவைச் சரிபார்த்தவர்போல, அவ்வளவுதான். முந்தாநாள் எம்.டி. ரூமில் இவள் சொன்ன பொய்யையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள்.

"எம்.டி.கிட்ட நான் என்ன சொன்னேன்னா..."

"அதை அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க மேடம். எனக்கு எதுக்கு?"

சுருக்கென்றது. சரிதான். அதையும் வாங்கிக்கொண்டாள்.

"எப்பங்க மேடம் ஒடைக்கிறது?" ராசுக்குட்டி கேட்டார்.

"இப்ப."

"பதினோரு மணிக்கு பாங்க்காரரு வர்றாருன்னாங்க..."

"வரட்டும். பாத்துட்டுப் போகட்டும். கீழ ஆளுங்களை விலக்கியாச்சா?"

"கயிறு கட்டி ஆள் நிறுத்தியிருக்கு. அடியில முட்டும் அப்படியே இருக்கு," என்றார் அந்தோணிசாமி. உடைக்கத்தான் வேண்டும் என்று மூன்று நாளாக எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்கும் கோபம் வந்தது. எத்தனை சரியாக இருக்கிறார் இந்த மனுஷன்!

இடுப்பில் பெல்ட் கட்டிய ஆள் பிரேக்கர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ரிப்பனைத் தாண்டிப் போனான். மெஷின் உறுமியதும் தரை அதிர்ந்து ஷூ வழியாக முழங்காலுக்கு ஏறியது. கண்ணாடிமாதிரி இருந்த தளம் முதல் அடியில் சும்மா வெள்ளையாகத் தெறித்தது, பிறகு பிளந்தது. போன் அதிர்ந்தது. எம்.டி.தான். எடுத்தாள்.

"என்ன சத்தம் அது சுகந்தி?"

"பால்கனி சார். உடைச்சிட்டிருக்கோம்."

மெஷின் சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு உரக்கச் சொன்னாள். "அன்னைக்கு அந்தோணி சார் என்கிட்ட சொன்னார் சார். போன் பண்ணிச் சொன்னார். உங்ககிட்ட நான் சொன்னது பொய். போடச் சொன்னது நான்தான். எழுதிக் குடுத்துட்டேன்."

"நீங்க கீழ வாங்க. உடனே வாங்க."

"முடிச்சிட்டு வர்றேன் சார்."

சரிங்க என்று சொல்லவில்லை என்பது போனை வைத்தபிறகுதான் தெரிந்தது. அதனால் கோபம் ஒன்றும் இறங்கிவிடவில்லை. சாயங்காலம் இந்த வேலை இருக்குமோ இருக்காதோ. ஷூவைக் கழற்றி பர்ச்சேஸ் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். வாயெல்லாம் சிமெண்டுத் தூசி, கரகரத்தது, துப்பினாள். மெஷின்காரன் ஒரு பெரிய சில்லைப் பெயர்த்துப்போட்டு ஒதுங்கினான். சுகந்தி பெல்ட்டை மாட்டிக்கொண்டு ரிப்பனுக்கு அந்தப் பக்கம் போனாள், உடைந்த விளிம்பருகே குத்தவைத்து உட்கார்ந்து, டேப்பை இழுத்துக் குழிக்குள் விட்டாள். கம்பி அடியில் கிடந்தது, சாணியில் புதைந்த குச்சிமாதிரி. மேலிருந்து நாலேகால் அங்குலம்.

"நாலேகால்!" என்று கத்தினாள்.

அந்தக் கத்தலில் மெஷின்காரன் மிரண்டுபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பினான். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் இவளையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே நாலேகாலை எழுதிக்கொண்டிருந்த அந்தோணிசாமி தலையைத் தூக்காமலே சொன்னார்:

"உன்னை இல்லப்பா. நீ ஓட்டு."